ஓடக் கூடாது என்ற விதி

பயிற்சியின் முதல் வகுப்பிலேயே ஒரு விதியைச் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஓடக் கூடாது. வண்டி நின்றதும் இறங்கு, பையை எடு, நட. வேகமாக நடக்கலாம், ஆனால் ஓடக் கூடாது. வாசலில் நின்று யாராவது கையை ஆட்டிக் கத்தினாலும் சரி, உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டாலும் சரி, நடைதான். பயிற்சியாளர் இதைச் சொன்னபோது எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சத்தமாகவே சிரித்துவிட்டார். அவசர மருத்துவ மீட்புக் குழு என்று பெயர் வைத்திருக்கிறோம். பகல் முழுக்க ஆளுக்கொரு வேலை பார்த்துவிட்டு, ராத்திரி தூக்கத்தையும் விட்டுவிட்டு, ஒரு பைசா வாங்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறோம். யாருக்காவது ஆபத்து என்றால் ஓடிப் போய் நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனையும்? வந்த இடத்தில் முதல் பாடமே ஓடாதே என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

அந்த விதி சரி என்று இப்போது நம்புகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நானே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன், காரணங்களோடு. ஆனாலும் அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு மகனின் குரல் காதில் விழுகிறது. அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. விதியும் சரி, அந்தக் கேள்வியும் சரி. இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு திரிவது சங்கடமாக இருக்கிறது, அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

கரையில் நின்ற கூட்டம்

தன்னார்வ மீட்புக் குழுக்களின் கதையைப் பேசுகிறவர்கள் ஜூலியன் ஸ்டான்லி வைஸ் பெயரை எப்படியும் இழுப்பார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக் என்ற ஊர்க்காரர். 1909-ல், ஒன்பது வயதுப் பையனாக, ரோனோக் ஆற்றில் ஒரு சிறு படகு கவிழ்ந்து இரண்டு பேர் மூழ்கிச் சாவதைக் கரையில் நின்று பார்த்தார். கரையில் ஆட்கள் இல்லாமல் இல்லை. அவர்களில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தக் காட்சி பையனை விடவில்லை. வளர்ந்து, ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து, 1928-ல் உடன் வேலை பார்த்த சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு உயிர்காப்பு, முதலுதவிக் குழுவைத் தொடங்கினார். அதற்கும் முன்பே, 1881 டிசம்பரில் வியன்னாவில் ரிங் தியேட்டர் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்த மறுநாளே, யாரோமிர் முண்டி என்ற மருத்துவர் வேறு சிலரோடு சேர்ந்து அங்கே ஒரு தன்னார்வ மீட்புச் சங்கத்தை ஆரம்பித்தார். எங்களைப் போன்ற குழுக்களுக்கெல்லாம் பெரும்பாலும் இப்படி ஒரு ஆற்றாமைதான் ஆரம்பம். கண்ணெதிரே நடந்தது, கை கட்டி நிற்க வேண்டியதாகிவிட்டது, இனிமேல் அப்படி நிற்க மாட்டோம்.

வைஸ் கதையை நான் முதலில் கேட்டபோது அதில் துணிச்சலைத்தான் பார்த்தேன். இப்போது வேறொன்று தெரிகிறது. அந்தக் கரையில் இருந்தவர்களிடம் இரக்கத்துக்குப் பஞ்சம் இருந்திருக்காது. யாராவது ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுக் குதித்திருந்தால் சாவு இரண்டோடு நின்றிருக்குமா என்பதும் சந்தேகம்தான், ஏனென்றால் மூழ்குகிறவர் கையில் அகப்பட்டதை விட மாட்டார், அது காப்பாற்ற வந்தவரின் கழுத்தாகவே இருந்தாலும். அதனால்தான் நீர்மீட்புப் பயிற்சியில் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். கரையில் இருந்தபடியே கையையோ கழியையோ நீட்டு. எட்டவில்லையா, கயிறையோ மிதக்கும் எதையாவதையோ எறி. அதுவும் முடியாதா, படகில் போ. தண்ணீரில் இறங்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் அதற்கென்று பழகியவர்கள் மட்டும். மனசு எதை முதலில் செய்யச் சொல்கிறதோ அதை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இதை உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஓடாதே என்ற விதியின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

சொல்லிக்கொடுத்ததில் பாதி ‘செய்யாதே’

பயிற்சி என்றதும் வெளியே இருப்பவர்கள் நினைப்பது பொம்மையின் நெஞ்சை அழுத்துவதை. அதுவும் உண்டு, சொல்கிறேன். ஆனால் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் செய்யாதே, செய்யாதே என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதே, சர்க்கரை இறங்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தாலும் எதையும் வாயில் போடாதே. உடம்பில் குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதே. வலிப்பு வந்தவர் வாயில் எதையும் திணிக்காதே, கையைக் காலை அழுத்திப் பிடிக்காதே. விபத்தில் சிக்கிய வண்டியில் தீ மாதிரி உடனடி ஆபத்து இல்லையென்றால் உள்ளே இருப்பவரைப் பிடித்து இழுக்காதே, கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு இழுப்பில் கை கால் செயலற்றுப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால், நல்ல எண்ணத்தோடு அவசரப்பட்ட யாரோ ஒருவர் இருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றும். மீதி வகுப்புகள் இன்னும் சுவாரசியம் குறைந்தவை. ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது, சளி உறிஞ்சும் கருவியில் சார்ஜ் நிற்கிறதா, ஏஇடி, அதாவது இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் கருவி, அதன் ஒட்டுப் பட்டைகளின் காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் வண்டியைக் குடைவது. வாரக்கணக்கில் தூக்கப் பழகுவது, அதுவும் முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, எதிரே இருப்பவர் எண்ணும்போது சேர்ந்து எழுவது. இந்த வேலையில் ஆட்கள் முதுகைக் கெடுத்துக்கொள்வது அவ்வளவு சகஜம்.

பொம்மைக்கு வருகிறேன். முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சின் நடுவில் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் 6-க்கு மேல் போகாமல் அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும், இல்லையென்றால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. 30 அழுத்தம், 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். எனக்குச் சோர்வே இல்லை என்று ஒருவர் வீம்பு பிடிப்பார், ஆனால் பொம்மையோடு இணைத்த திரையில் ஆழம் குறைந்துகொண்டே வருவது மற்ற எல்லோருக்கும் தெரியும். சோர்வு அவருக்குத் தெரிவதற்கு முன்பே அவர் கைக்கு வந்துவிடுகிறது. இங்கேயும் அதே பாடம்தான், உன் உணர்ச்சியை நம்பாதே, கடிகாரத்தைப் பார்.

ஓடாதே என்பதற்கான காரணங்களில் என்னை முழுதாகச் சாய்த்தது நாடிதான். பயிற்சியாளர் ஒருநாள் எங்களைப் படிக்கட்டில் ஏறி இறங்க ஓடவிட்டார். மூச்சு வாங்க நிற்கும்போதே பொம்மையின் கழுத்தில் விரலை வைக்கச் சொன்னார். நாடி இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு பேர் இருக்கிறது என்றார்கள். பொம்மைக்கு ஏது நாடி? அவர்கள் உணர்ந்தது தங்கள் விரல் நுனியில் அடித்த தங்கள் நாடியை. ஓடி வந்தவன் செத்தவனிடமும் துடிப்பைக் கண்டுபிடிப்பான் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நிதானமாக இருப்பவருக்கே இது கஷ்டமான காரியம், அதனால்தான் பொதுமக்களுக்கான சிபிஆர் (நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் இந்த முதலுதவி) பயிற்சியில் இருந்து நாடி பார்க்கும் பகுதியையே 2000-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் எடுத்துவிட்டார்கள். கூப்பிட்டால் அசையவில்லை, சரியாக மூச்சு விடவில்லை என்றால் அழுத்தத் தொடங்கு, அவ்வளவுதான். எங்களைப் போன்றவர்கள் பார்க்கலாம், அதுவும் பத்து நொடிக்கு மேல் போகாமல்.

மற்ற காரணங்கள் எல்லோரும் ஊகிக்கக்கூடியவை. ஓடுகிறவர் கீழே கிடக்கும் ஆளை மட்டும் பார்ப்பார், அவர் மேல் விழுந்து கிடக்கும் மின்கம்பியைப் பார்க்க மாட்டார். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவர் விழ, அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்க, கடைசியில் வரிசையாக உடல்களை எடுத்த செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். அந்த இரண்டாமவரும் மூன்றாமவரும் நிச்சயமாக ஓடித்தான் வந்திருப்பார்கள். நடக்கிறவருக்குச் சில நொடிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன, மூக்கில் வாயு வாடை ஏறுகிறதா, நாய் கட்டியிருக்கிறதா, ஸ்ட்ரெச்சர் இந்தத் திருப்பத்தில் திரும்புமா, யார் கத்துகிறார்கள், யார் கத்தாமல் சுவரோரம் வெளுத்துப்போய் நிற்கிறார்கள் என்றெல்லாம் பார்க்க. கத்தாமல் நிற்பவரைத் தனியாகக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து விழப்போகிறவர் அவராக இருக்கலாம்.

ஆனால் நேரம்? இதயம் நின்றுபோனவருக்கு யாரும் நெஞ்சை அழுத்தாமல், ஷாக்கும் கொடுக்காமல் விட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பதையும் இதே வகுப்பில்தான் சொன்னார்கள். அப்படியென்றால் நடப்பது அநியாயம் இல்லையா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியிலிருந்து வாசல்வரை ஓடினால் மிச்சமாவது சில நொடிகள். நிமிடங்கள் தொலைகிற இடம் வேறு. விழுந்தவர் கொரட்டை விடுவது போல எப்போதாவது ஒருமுறை மூச்சை இழுப்பார், அது உயிர் போகும் நேரத்து இழுப்பு, மூச்சே கிடையாது. வீட்டில் இருப்பவர்கள் மூச்சு இருக்கிறது, தூங்குகிறார் என்று காத்திருப்பார்கள். அங்கே போகின்றன முதல் நிமிடங்கள். பிறகு சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுவிட்டு அப்புறம் ஆம்புலன்ஸுக்குப் போடுவார்கள். முகவரி தெளிவாக இருக்காது. வாசலில் விளக்கு எரியாது. ஏஇடி எங்கேயோ ஒரு அலமாரியில் பூட்டியிருக்கும், சாவி வேறொருவரிடம். எங்கள் பக்கத்திலும் உண்டு, ஓடிப் போய் மேலே ஏறிய பிறகு பையை மறந்தது தெரிந்து திரும்பக் கீழே இறங்குவது. சைரனைப் பற்றியும் ஆய்வுகள் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. அதை அலறவிட்டுப் போவதால் மிச்சமாவது கொஞ்ச நேரம்தான், பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்த நேரத்தால் மாற்றம் எதுவும் இல்லை, விபத்து அபாயம் மட்டும் கூடுகிறது. ஆக, நடப்பதில் நியாயம் இருக்கிறது. இந்த இடத்தில் என் மனசு சமாதானமாகிவிட்டது. அந்த ராத்திரி வரைக்கும்.

வாசலில் நின்ற மகன்

அழைப்பு வந்தபோது நடுநிசி தாண்டியிருந்தது. வயதான ஆண், நினைவில்லை, மாடி வீடு. என்னோடு வந்தவர் எங்கள் குழுவில் மூத்தவர், ஓய்வு பெற்ற நர்ஸ், எல்லோருக்கும் அக்கா. அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். மெக்கானிக் அண்ணன் ஒருவர் வண்டி ஓட்டினார். இறங்கி, அக்கா ஏஇடியை எடுத்தார், நான் பையையும் சிலிண்டரையும் எடுத்தேன், நடந்தோம். கேட்டுக்கு வெளியே ஒருவர் தெருவின் நடுவில் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கலாம், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், காலில் செருப்பு இல்லை. எங்களைப் பார்த்ததும் பாதி வழி ஓடி வந்தார், வந்து நின்று, நாங்கள் நடப்பதைப் பார்த்தார். அப்போதுதான் கேட்டார். “என்னங்க நடந்து வர்றீங்க? உங்க அப்பனா இருந்தா இப்படித்தான் நடப்பீங்களா?”

அக்கா நிற்கவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. “எந்த ரூம் தம்பி? வாங்க, காட்டுங்க” என்று மட்டும் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கோபம் என்று சொல்ல முடியாது. அவர் கேட்டதற்குப் பதில் எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்திருந்தது. இல்லை, என் அப்பாவாக இருந்தால் நடக்க மாட்டேன். ஓடுவேன், படியில் தடுக்கி விழுவேன், எழுந்து மறுபடி ஓடுவேன், பையை விட்டுவிட்டு ஓடுவேன், கழுத்தில் கை வைத்து என் நாடியையே அவர் நாடி என்று நினைத்து எல்லோரிடமும் இருக்கார், இருக்கார் என்று கத்துவேன்.

உள்ளே பெரியவர் கட்டிலில், மெத்தைமேல் கிடந்தார். அவர் மனைவி பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா தோளைத் தட்டிக் கூப்பிட்டார், கழுத்தில் விரல் வைத்தார், முகத்தருகே குனிந்தார். அதிகபட்சம் பத்து நொடி என்று நான் மேலே எழுதினேனே, அந்தப் பத்து நொடி. அறையில் இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு அம்மாள் வந்தார், நோயாளி பக்கத்தில் குனிந்தார், ஒன்றுமே செய்யாமல் இருந்தார். அது மட்டுமா. அடுத்து நாங்கள் செய்தது மேஜையைத் தள்ளியது. நாற்காலியை வெளியே போட்டது. மெத்தையில் வைத்து அழுத்தினால் அழுத்தத்தில் ஒரு பகுதியை மெத்தை தின்றுவிடும், அதனால் அவரைத் தரையில் இறக்க வேண்டும், இறக்கினால் தலைப்பக்கம் ஒருவர், நெஞ்சுப் பக்கம் ஒருவர் உட்கார இடம் வேண்டும். மெக்கானிக் அண்ணன் எண்ண, சேர்ந்து தூக்கி இறக்கினோம். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் ஆகியிருக்கும். பயிற்சியில் எங்களைப் பாராட்டக்கூடிய அரை நிமிடம். மகன் கதவோரம் நின்று, அப்பாவை விட்டுவிட்டு நாற்காலியை எடுக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். எங்கள் விதிகள் அத்தனையும் அந்தக் கதவோரத்தில் இருந்து பார்த்தால் அலட்சியமாகத் தெரியும் என்பது எனக்கு உறைத்தது அப்போதுதான்.

அழுத்தத் தொடங்கினேன். பொம்மையில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும், மனிதரில் விலா எலும்பு விட்டுக்கொடுப்பது கையில் தெரியும், அது வேறு அனுபவம், அதை விவரிக்கப் போவதில்லை. அக்கா பட்டைகளை ஒட்டினார். கருவி பார்த்துவிட்டு ஷாக் தேவையில்லை, அழுத்துவதைத் தொடருங்கள் என்றது. ஷாக் தேவையில்லை என்று கேட்டதும் அந்த அம்மா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. சினிமாவில் நேர்கோடு ஓடும்போதுதான் ஷாக் கொடுப்பார்கள். நிஜத்தில் இதயம் ஒழுங்கின்றி நடுங்கிக்கொண்டிருந்தால்தான் ஷாக்குக்கு வேலை, அடியோடு அடங்கிவிட்டால் கருவி ஷாக் கொடுக்காது. அது நல்ல செய்தி இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அந்த அம்மாவிடம் யார் சொல்வது, அழுத்திக்கொண்டே?

அப்போது அக்கா செய்த காரியம் எந்தப் பாடத்திலும் வராதது. தலையை நிமிர்த்தாமல், மூச்சுப் பையைப் பிழிந்துகொண்டே பேச ஆரம்பித்தார். “அம்மா, அவருக்கு இதயம் நின்னு போயிருக்கு. நாங்க அதோட வேலைய கையால செஞ்சிட்டிருக்கோம். மெஷின் ஷாக் வேண்டாம்னு சொன்னது சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. பெரிய வண்டி வந்துட்டிருக்கு. அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடறாரோ எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க.” அடுத்து மகனைப் பார்த்து, “தம்பி, நீங்க கீழ போய் கேட்டைத் திறந்து வச்சு நில்லுங்க, வண்டி வந்ததும் நேரா இங்க கூட்டிட்டு வரணும், வழியில இருக்கிற அந்த சைக்கிளை எடுத்துடுங்க.” மகன் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். பிறகு படியில் இறங்கி ஓடினார். அவர் ஓடலாம். அவருக்கு அந்த விதி இல்லை.

பெரிய ஆம்புலன்ஸ் வந்தது, அவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள், மருந்துகள் கொடுத்தார்கள், நாங்கள் மாறி மாறி அழுத்தினோம். பெரியவர் திரும்பவில்லை. முயற்சியை வீட்டிலேயே நிறுத்தினார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பெரும்பாலானோர் திரும்புவதில்லை, எல்லாம் சரியாக நடந்தாலும்கூட. சேரும்போது இதையும் சொல்லித்தான் சேர்க்கிறார்கள். நாங்கள் பட்டைகளின் உறைகளையும் கையுறைகளையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, தள்ளிய மேஜையைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு இறங்கினோம். மகன் எங்களிடம் எதுவும் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

தெரிந்தவர் வீட்டுக்குப் போவது

பெரிய ஆம்புலன்ஸில் வருகிறவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் போய்விடுவார்கள். நாங்கள் அதே பகுதியில் இருக்கிறோம். கொஞ்ச நாள் கழித்து அந்த மகனை ஒரு வரிசையில் எனக்கு முன்னால் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார், இருவரும் தலையை அசைத்துக்கொண்டோம். அந்தந்தப் பகுதி ஆட்களே மீட்புக்குப் போவதில் இருக்கும் பலமும் பாரமும் இதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967-ல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார்கள். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினத்தவர் பகுதி. அதுவரை அங்கே உடம்பு முடியாதவர்களை ஏற்றிப்போனது போலீஸ் வண்டி, சிகிச்சை தெரியாத போலீஸ்காரர்கள், மக்களுக்கும் அவர்களுக்கும் இடையில் நம்பிக்கையும் கிடையாது. பீட்டர் சஃபார் என்ற மருத்துவர், சிபிஆர் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர், அந்தப் பகுதி இளைஞர்களையே எடுத்துப் பல மாதம் பயிற்சி கொடுத்தார். வேலை கிடைக்காதவர்கள், படிப்பை முடிக்காதவர்கள் என்று பலர் அதில் இருந்தார்கள். அமெரிக்காவில் பாராமெடிக் (ஆம்புலன்ஸிலேயே சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவர்) என்ற வேலைக்கே முன்னோடிகளில் அவர்களும் சேர்த்தி. 1975-ல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியபோது அது முடிவுக்கு வந்தது, அது தனிக் கதை, வயிற்றெரிச்சல் கதை. எனக்கு அதில் ஒட்டிக்கொண்ட விஷயம், வாசலில் வந்து நின்றவர் யார் என்பதை அந்த மக்கள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்பது.

பயிற்சியில் நோயாளியின் பக்கத்தில் இருந்து யோசித்திருக்கிறார்கள், அதனால் ஐந்து சென்டிமீட்டர், பத்து நொடி. மீட்கப்போகிறவரின் பக்கத்தில் இருந்தும் யோசித்திருக்கிறார்கள், அதனால் ஓடாதே, கையுறை போடு, முதலில் சுற்றிப் பார். கதவோரம் நிற்பவரின் பக்கத்தில் இருந்து யாராவது யோசித்தார்களா என்றால், ‘உறவினர்களை அமைதிப்படுத்தவும்’ என்று ஒற்றை வரி இருக்கிறது. எப்படி அமைதிப்படுத்துவது? அமைதியாக இருங்கள் என்று சொல்லி யாரும் அமைதியானதாக நான் பார்த்ததில்லை, இன்னும் ஒரு சுற்றுக் கத்தல்தான் அதிகமாகும்.

ஆகவே நான் பயிற்சி கொடுக்கும்போது விதியை மாற்றவில்லை, கூடவே ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். நட, ஆனால் நடக்கும்போதே பேசு. வாசலில் நிற்பவர் குரல் எட்டும் தூரத்துக்கு வந்ததுமே, வந்துட்டோம், எங்க இருக்கார், மூச்சு இருக்கா என்று கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போ. பதில் சொல்கிறவருக்கு நம் காலைப் பார்க்க நேரம் இருக்காது, நமக்கும் விவரம் வந்துசேரும். உள்ளே போனதும் என்ன செய்கிறோம் என்பதைச் செய்துகொண்டே வாய்விட்டுச் சொல். நாற்காலியை எடுப்பதற்கு முன் ‘இவரைத் தரையில் இறக்கணும், இடம் வேணும்’ என்று சொன்னால் நாற்காலியை அவர்களே எடுப்பார்கள். கை சும்மா இருக்கும் உறவினருக்கு ஒரு வேலை கொடு, பொய் வேலை வேண்டாம், நிஜமாகவே தேவைப்படும் வேலை, கேட்டைத் திறப்பது, டார்ச் பிடிப்பது, மாத்திரைச் சீட்டைத் தேடுவது. பொய் வேலை கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் நம்பவே மாட்டார்கள்.

போன வகுப்பில் ஒரு பெண், கல்லூரி முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகிறவர், எழுந்து கேட்டார். “எங்க வீட்டிலிருந்தே அழைப்பு வந்தா நானும் நடக்கணுமா?” நான் பதில் தேடுவதற்குள் அக்கா சொல்லிவிட்டார். “உன்னை அனுப்பவே மாட்டோம்மா. வேற ஆள் வருவோம்.” சொந்த வீட்டு அழைப்பில் முடிந்தவரை அந்த ஆளை இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்றுவது எங்கள் குழுவில் வழக்கம், எழுதி வைத்த விதியில்லை. மகன் கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பாதிக்கு வேண்டுமானால் பதில். உங்கள் அப்பாவுக்காக ஓடாமல் இருக்கக்கூடிய ஒருவர் வரவேண்டியிருக்கிறது, எங்கள் அப்பாவுக்காக நீங்கள் வந்தாலும் அப்படித்தான். ஆனால் இதை ராத்திரி தெருவில் செருப்பில்லாமல் நிற்கும் ஒருவரிடம் சொல்ல முடியுமா?

மெக்கானிக் அண்ணனுக்கு என் பேச்சுப் பாடத்தில் அவ்வளவாக உடன்பாடு இல்லை. பேசிக்கொண்டே செய்தால் கை தப்பும், எண்ணிக்கை தவறும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்து வேலையைப் பார்த்தால் போதும், ஜனங்கள் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்கிறார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, 30 எண்ண வேண்டிய இடத்தில் 24-லேயே நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்த ஒரு புதியவரை இருவருமே பார்த்தோம். அதனால் இப்போதைக்கு ஒரு ஏற்பாடு, அழுத்துகிறவர் எண்ண மட்டும் செய்வார், தலைப்பக்கம் இருப்பவர் பேசுவார். இரண்டு பேர் மட்டும் போகிற அழைப்புகளில் இது எப்படி நடக்கும் என்று அவர் கேட்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் பொம்மையைப் போட்டு, ஒருவரைக் கதவோரம் கத்தவிட்டு, செய்து பார்க்கலாம் என்றிருக்கிறோம். கத்துவதற்கு அவரே முன்வந்திருக்கிறார்.